பாஸ்கெட்பால் கோச்சிங் வீடியோ கோர்ஸ்: டிஃபென்ஸ் பாதி அருமை, அஃபென்ஸ் பாதி வெறும் படம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். டிஃபென்ஸ் பகுதிக்காக இந்த கோர்ஸை வாங்கலாம், அஃபென்ஸ் பகுதியை நம்பி வாங்க வேண்டாம். பெயரைச் சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருக்கிறேன் என்பது ஒரு காரணம், இதே அச்சில் வார்த்த கோர்ஸ்கள் நிறைய இருக்கின்றன என்பது இன்னொன்று. எதை வாங்கப் போனாலும் இங்கே நான் கேட்கிற கேள்விகளையே கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுச் சந்தா. அதற்கு வீடியோக்கள், ப்ளே (முன்கூட்டியே திட்டமிட்ட ஆட்ட நகர்வு) வரைய ஒரு ஆப், பாடத்துக்கு ஒரு பக்கம் என்று அச்சடித்துக்கொள்ள டிரில் ஷீட். பள்ளி, கல்லூரி, க்ளப் அளவில் டீம் வைத்திருக்கிற கோச்சுகளை மனதில் வைத்து எடுத்திருக்கிறார்கள். நானும் அந்த ரகம்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள், வாரத்தில் சில மாலைகள், கோர்ட் காலியாக இருக்கும் வரைக்கும்.

கோர்ஸ் அஃபென்ஸில் தொடங்குகிறது, தகராறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஹார்ன்ஸ், ஃப்ளெக்ஸ், ஃப்ளாப்பி என்று பெயர் வைத்த ப்ளேக்கள், பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் இருக்கும் எல்லைக் கோடு) த்ரோ-இன்னுக்குத் தனியாக ஒரு மூட்டை ப்ளே, கடைசி வினாடி ப்ளே, அது இது என்று எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. ஒவ்வொன்றும் அழகாகப் படம்பிடித்தது, மேலிருந்து ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒரு கேமரா, அம்புக்குறிகள் வண்ண வண்ணமாக ஓடுகின்றன. ஆனால் எதிரே நிற்கிற ஐந்து டிஃபெண்டர்களைப் பாருங்கள், வயலில் நட்டு வைத்த சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிற்கிறார்கள். பாஸ் போனால் திரும்பிப் பார்க்கிறார்கள், ஸ்கிரீன் (டிஃபெண்டரின் வழியை அடைக்க உடம்பை வைத்து நிற்பது) வந்தால் அதில் போய் மரியாதையாக மோதிக்கொள்கிறார்கள், லே-அப் (கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் ஷாட்) விழுகிறது, அடுத்த பாடம்.

மேட்சில் என்ன நடக்கும் என்று கோச்சிங் கொடுக்கிற எவருக்கும் தெரியும். ப்ளேயின் முதல் பாஸே போகாது. பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டிடமிருந்து பக்கவாட்டில் இருக்கிற விங்குக்குப் போக வேண்டிய பாஸ், அந்த விங்கில் இருக்கிற பெண்ணை எதிர் டீம் பாஸ் லைனில் கையை நீட்டி மறித்து நிற்கிறது, நம் பிள்ளை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்க்கிறாள். அந்த நொடியில் என்ன செய்வது என்பதுதான் அஃபென்ஸ் கோச்சிங். மீதியெல்லாம் யாரும் வரைந்துவிடக்கூடிய படம்.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது பிரின்ஸ்டன் அஃபென்ஸ் பாடம். அந்த அஃபென்ஸின் உயிரே பேக்டோர் கட், அதாவது டிஃபெண்டர் பாஸை மறிக்க வெளியே எட்டிப் பிடித்தால் அவர் முதுகுக்குப் பின்னால் கூடைக்கு ஓடுவது. 1996 அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் கோச் பீட் கேரிலின் பிரின்ஸ்டன் டீம், முந்தைய ஆண்டு சாம்பியனான யுசிஎல்ஏவை 43-41 என்று வீட்டுக்கு அனுப்பியது நினைவிருக்கலாம், வெற்றிக் கூடை கேப் லூவுல்லிஸ் போட்ட பேக்டோர் லே-அப். முன்னே வந்து பிடித்த டிஃபெண்டருக்கான பதில் அது. இந்த கோர்ஸில் அதே கட்டைக் காட்டுகிறார்கள், ஆனால் "பந்து டாப்புக்கு வந்ததும் மூன்றாம் நம்பர் பேக்டோர் ஓட வேண்டும்" என்று ஒரு கட்டளையாக. டிஃபெண்டர் பின்தங்கி, கூடைக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் நிற்கும்போதும் ஓட வேண்டுமா? ஓடினால் நேராக அவர் மடியில் போய் விழுவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு கணக்கும் விட்டுப்போயிருக்கிறது. ஷாட் அடிக்க டீமுக்குக் கிடைக்கும் நேரம், அதாவது ஷாட் க்ளாக், 24 வினாடி. பந்தைப் பாதிக் கோர்ட் தாண்டிக் கொண்டுவர 8 வினாடி வரை கிடைக்கும், எதிர் டீம் கோர்ட் முழுக்க நெருக்கி பிரஸ் பண்ணினால் அதில் பெரும்பகுதி போய்விடும். எல்லாரும் இடத்தில் நின்று, ப்ளேயைக் கூப்பிட்டு, ஸ்கிரீன் வைத்து முடிப்பதற்குள் இன்னொரு 8, 10 வினாடி. ப்ளே உடைந்தால் கையில் இருப்பது ஆறேழு வினாடி. எங்கள் ஆட்டங்களில் பாதி ஷாட் அந்த ஆறேழு வினாடியில்தான் விழுகிறது, அல்லது விழாமல் போகிறது. விழாத ஷாட்டை நாமே பிடித்து அஃபென்ஸ் ரீபவுண்ட் எடுத்தால் 24 கிடையாது, 14தான், அங்கே செட் ப்ளே போட யாருக்கு நேரம்? "ப்ளே உடைந்த பிறகு" என்று ஒரே ஒரு பாடம் இருந்திருந்தால் மீதி எல்லாப் பாடத்தையும் மன்னித்திருப்பேன்.

மூன்று பேர் முக்கோணமாக நின்று ஆடும் ட்ரையாங்கிள் அஃபென்ஸுக்கு நீண்ட பாடம் ஒன்று இருக்கிறது. டெக்ஸ் வின்டர் வளர்த்தெடுத்தது, ஃபில் ஜாக்சன் கோச்சாக வாங்கிய 11 என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பட்டங்களுக்கும் பின்னால் இருந்தது, எல்லாம் சரி. சொல்லியிருக்கிற விதமும் மோசமில்லை. ஆனால் அது வருடக்கணக்கில் ஒன்றாக ஆடுகிற, தினமும் பயிற்சி செய்கிற டீமுக்கு. வாரத்தில் சில மணி நேரம் கோர்ட்டைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதில் எடுத்துக்கொள்ளத்தக்கது இடைவெளி பற்றிய பகுதி மட்டும்தான்: இருவருக்கு நடுவே 15 முதல் 18 அடி விட்டு நில், அப்போதுதான் ஒரே டிஃபெண்டர் இரண்டு பேரைக் காக்க முடியாது. அந்தச் சில நிமிடம் தங்கம், மீதியை ஓட்டிவிடுங்கள்.

அஃபென்ஸ் பகுதியில் முழுதாக உருப்படியான பாடம் ஒன்று உண்டு, ஐந்து பேரும் வெளியே நின்று ஆடுவது. ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே ட்ரிபிள் பண்ணி உள்ளே நுழைந்தால் மற்ற நால்வர் எங்கே நகர வேண்டும், யார் கார்னருக்கு இறங்க வேண்டும், யார் பின்னால் வந்து உள்ளிருந்து வெளியே வரும் கிக்-அவுட் பாஸுக்கு நிற்க வேண்டும் என்று. இங்கே மட்டும் உயிருள்ள டிஃபெண்டர்களை வைத்து, மூன்றுக்கு மூன்று ஆடவிட்டுக் காட்டுகிறார்கள். ஏன் எல்லாப் பாடத்தையும் இப்படி எடுக்கவில்லை என்பது புதிர்.

அங்கேயும் ஒரு உறுத்தல். மூன்று பாயிண்ட் ஷாட்டின் கணக்கைச் சொல்கிறார்கள்: 35 சதவீதம் விழுந்தால் ஒரு ஷாட்டுக்கு 1.05 பாயிண்ட், நடுத்தூர ஷாட் 40 சதவீதம் விழுந்தாலும் 0.8தான், எனவே வெளியே இருந்து அடி. கணக்கு சரி. ஆனால் 35 என்பது நல்ல ஷூட்டர்களின் எண். என் டீமில் பலருக்கு 20ஐத் தொட்டாலே கொண்டாட்டம், 20 சதவீதம் என்றால் ஷாட்டுக்கு 0.6. லே-அப் 55 சதவீதம் விழுந்தால் 1.1. பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது உள்ளே போ என்பதுதான், கோர்ஸோ பெரியவர்களின் ஷாட் சார்ட்டை அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது.

ஒட்டியது அது மட்டுமில்லை. கோர்ட் படங்கள் எல்லாமே என்பிஏ அளவு. அங்கே மூன்று பாயிண்ட் கோடு மேல்பக்கம் 7.24 மீட்டர், உலகக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியில் ஆடுகிற நமக்கு 6.75, கார்னரில் 6.60. 2010 வரை அது 6.25ஆக இருந்தது. இந்த அரை மீட்டர் சும்மா விஷயமில்லை, உதவிக்குப் போன டிஃபெண்டர் திரும்பி ஷூட்டரிடம் ஓடிவர வேண்டிய தூரம் அது. இன்னும் பெரிய ஓட்டை, டிஃபென்ஸ் மூன்று வினாடி விதி. என்பிஏவில் டிஃபெண்டர் யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காக்காமல் பெயிண்டுக்குள் (கூடைக்கு முன்னால் இருக்கிற செவ்வகம்) மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது. ஃபீபாவில் அப்படி ஒரு விதியே கிடையாது, உயரமான ஆள் கூடைக்கடியில் குடித்தனமே நடத்தலாம். ஆகவே வீடியோவில் காலியாகத் தெரிகிற பெயிண்ட் நம் மேட்சில் காலியாக இருக்காது. இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சரி, திட்டியது போதும். டிஃபென்ஸ் பகுதிக்கு வருகிறேன்.

இது வேறு கோச், வேறு கோர்ட், வேறு மனோபாவம். இவர் நடத்துவது நிஜப் பயிற்சி, பிள்ளைகள் நிஜமாகவே தப்பு செய்கிறார்கள், தப்பு நடந்த இடத்திலேயே விசிலடித்து எல்லாரையும் உறையவைத்து "இப்போ பந்து எங்கே, உன் ஆள் எங்கே, நீ எங்கே" என்று கேட்கிறார். முதல் பாடமே ஷெல் டிரில், நாலுக்கு நாலு. இந்த டிரில்லைத் தெரியாத கோச் இருக்க முடியாது, ஆனால் பெரும்பாலோர் அதை ஒரு சடங்காக நடத்துகிறோம், பந்து சுற்றிவர நாலு பேர் சறுக்கிச் சறுக்கி இடம் மாறுவார்கள், யாருக்கும் வியர்க்காது. இவர் செய்கிற மாற்றம் எளிமையானது: பந்து காற்றில் இருக்கும்போதே நாலு பேரும் நகர்ந்தாக வேண்டும், பாஸ் கைக்கு வந்தபிறகு நகர்ந்தால் அஃபென்ஸுக்கு ஒரு பாயிண்ட். மூன்று தடவை தொடர்ந்து நிறுத்தினால்தான் டிஃபென்ஸ் வெளியே வரலாம். எங்கள் பிள்ளைகளிடம் போட்டபோது அரட்டை நின்றுபோனது, கூவல் ஆரம்பித்தது. டிஃபென்ஸில் கூவல்தான் வேண்டும்.

க்ளோஸ்-அவுட் பாடமும் அப்படித்தான். ஷூட்டரை நோக்கி ஓடி, கடைசி இரண்டு மூன்று அடியில் காலைச் சுருக்கி, ஒரு கை மேலே. இதுவரை எல்லாரும் சொல்வது. இவர் அதற்கு மேலே போய், எதிரே இருப்பவர் ஷூட்டரா ட்ரிபிளரா என்பதைப் பொறுத்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்யச் சொல்கிறார். வெளியே இருந்து அடிக்கத் தெரியாதவரிடம் பாய்ந்து போவது அவருக்கு வழிவிடுவதுதான்.

பிறகு மறித்து ஆடுவதா, பின்தங்கி ஆடுவதா என்ற பழைய சண்டை. கோச் டிக் பென்னட் உருவாக்கிய பேக் லைன் (Pack Line) டிஃபென்ஸை நன்றாக விளக்கியிருக்கிறார்கள், பந்தைக் காப்பவர் ஒருவர் மட்டும் நெருக்குவார், மீதி நால்வர் மூன்று பாயிண்ட் வளைவுக்கு உள்ளே கற்பனையாக ஒரு கோடு போட்டு அதற்குள் அடைந்துகொள்வார்கள், பெயிண்டுக்குள் ட்ரிபிள் நுழையவே இடமிருக்காது. இதில் எனக்குப் பிடித்தது, வெறும் விளம்பரமாகச் சொல்லாதது. அவர் மகன் டோனி பென்னட்டின் விர்ஜினியா இதே டிஃபென்ஸோடு 2018 கல்லூரிப் போட்டியில் முதல் நிலை (தரவரிசை) டீமாக நுழைந்து, பதினாறாம் நிலை யுஎம்பிசியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் முதல் நிலை டீம் ஒன்று பதினாறாம் நிலையிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டு அதே கோச், அதே டிஃபென்ஸ், சாம்பியன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளியே இருந்து ஷாட் விழ ஆரம்பித்தால் இந்த டிஃபென்ஸ் எப்படித் திணறும் என்று காட்டுகிறார்கள்.

கோர்ஸின் சிகரம் பிக் அண்ட் ரோல் டிஃபென்ஸ், அதாவது ஒருவர் பந்து வைத்திருப்பவருக்கு ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடைக்கு ஓடும் ஆட்டத்தைத் தடுப்பது. காசு இதற்கே சரியாகிவிட்டது. ஐந்து வழிகளை எடுத்துக்கொள்கிறார்: ட்ராப், ஹெட்ஜ், ஸ்விட்ச், ப்ளிட்ஸ், ஐஸ். ஒவ்வொன்றிலும் யார் எங்கே கால் வைக்க வேண்டும் என்பதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் நாம் எதைக் கொடுக்கத் தயார்? ட்ராப் என்றால் ஸ்கிரீன் வைப்பவரைக் காக்கிற உயரமான ஆள், அதாவது பிக் மேன், பின்னால் இறங்கிக் கூடையைக் காப்பார், கொடுப்பது நடுத்தூர ஷாட். ஸ்விட்ச் என்றால் ஆளை மாற்றிக்கொள்கிறோம், கொடுப்பது உயரப் பொருத்தமின்மை, குட்டைக் கார்ட் ஒருத்தி பெரிய பெண்ணைத் தோளில் சுமந்துகொண்டு நிற்பாள். ப்ளிட்ஸில் இரண்டு பேர் பந்தின் மேல் பாய்கிறோம், பந்து வெளியே போய்விட்டால் பின்னால் நாலுக்கு மூன்று. ஹெட்ஜில் பிக் மேன் ஒரு கணம் வெளியே வந்து வழியை அடைத்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பி ஓட வேண்டும், அந்த ஓட்டத்துக்குள் ரோல் பண்ணுகிறவர் தனியாக இருப்பார். ஐஸ் என்றால் பக்கவாட்டு பிக் அண்ட் ரோலில் நடுவுக்கே வரவிடாமல் பேஸ்லைன் பக்கம் தள்ளுவது, ஸ்கிரீன் வருவதற்கு முன்பே பாயிண்ட் கார்டின் டிஃபெண்டர் நிலை மாறிவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் எல்லாம் திறந்துவிடும்.

இந்த "எதைக் கொடுக்கிறோம்" என்ற கேள்வியை அஃபென்ஸ் பாடங்களிலும் திருப்பிப் போட்டிருந்தால் கோர்ஸ் வேறு தரத்துக்குப் போயிருக்கும். எதிர் டீம் எதைக் கொடுக்கிறதோ அதை எடு, அவ்வளவுதானே அஃபென்ஸ். ஆனால் இரண்டு கோச்சுகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாகவே தெரியவில்லை.

பிக் அண்ட் ரோலில் நேரடியாக இல்லாத மூன்று பேருக்கும் தனிப் பாடம் இருக்கிறது, அதிலும் தூரப் பக்கத்தில் கூடைக்கு அருகில் இருக்கிற ஆளுக்கு. ரோல் பண்ணி வருகிறவரை முதலில் இடிக்க வேண்டியது அவர்தான், பிறகு தன் ஆளிடம் திரும்ப வேண்டும். பள்ளி அளவில் பிக் அண்ட் ரோலில் வாங்குகிற பாயிண்டில் பெரும்பகுதி இந்த மூன்றாவது ஆள் தூங்கியதால் வருவது, முதல் இருவரைத் திட்டுகிறோம். ஐந்து வழியையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள், ஒன்று முதன்மை, ஒன்று மாற்று, போதும் என்று அவரே சொல்கிறார். இப்படி ஒரு கோர்ஸ் தன் சரக்கையே குறைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது அபூர்வம்.

ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ஜோன் பாடங்கள் பரவாயில்லை. முன்னால் இருவர், பின்னால் மூவர் நிற்கும் 2-3 ஜோனின் பலவீனம் ரீபவுண்டில் இருக்கிறது, தனக்கென்று ஆள் இல்லாததால் யாரும் யாரையும் உடம்பால் தடுத்து பாக்ஸ்-அவுட் பண்ணுவதில்லை, ஷாட் கிளம்பியதும் பக்கத்தில் இருப்பவரைத் தேடி இடிக்கச் சொல்லும் டிரில் நல்ல டிரில். பிரஸ்ஸுக்கு 2-2-1 ஒன்றுதான், அதுவும் போதுமானது. கோச் ஜான் வுடனின் 1964 யுசிஎல்ஏ டீமில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் உயரமான ஸ்டார்ட்டர் ஒருவர்கூட இல்லை, அந்த பிரஸ்ஸை வைத்து 30-0 என்று ஆண்டை முடித்தார்கள். உயரமில்லாத டீம் வைத்திருப்பவர்கள் இந்தப் பாடத்தைத் தவறவிடக் கூடாது. நோக்கம் பந்தைப் பிடுங்குவது மட்டுமில்லை, எதிரியை அவசரப்படுத்துவது என்பதையும் சொல்கிறார்கள்.

பாக்ஸ் அண்ட் ஒன் பாடத்தில் 2019 என்பிஏ ஃபைனல்ஸ் இரண்டாவது ஆட்டம் பேசப்படுகிறது. கோல்டன் ஸ்டேட்டின் க்ளே தாம்ப்சன் காயத்தில் வெளியேறியதும் டொரண்டோ கோச் நிக் நர்ஸ் ஸ்டெஃப் கரி மேல் ஒருவரை ஒட்டவைத்து மீதி நால்வரைப் பெட்டியாக நிறுத்தினார், கோல்டன் ஸ்டேட்டுக்குப் பல நிமிடம் கூடையே விழவில்லை. கோர்ஸ் அங்கேயே நிறுத்திவிடுகிறது, நான் முடித்துவைக்கிறேன்: கடைசியில் தனியாக விடப்பட்ட ஆன்ட்ரே இக்வடாலா மூன்று பாயிண்ட் அடித்தார், கோல்டன் ஸ்டேட் 109-104 என்று ஜெயித்தது. தொடரை டொரண்டோ வென்றது வேறு கதை. பெட்டிக்குள் நிற்கிற நாலு பேர் யாரைத் தனியாக விடுகிறார்கள் என்பது உங்கள் மேட்சிலும் முக்கியம்.

மேட்ச் ஷீட் ஒன்று தருகிறார்கள், எனக்குப் பிடித்தது. பாஸ்கெட்பால் புள்ளிவிவர நிபுணர் டீன் ஆலிவர் சொன்ன நாலு காரணிகளை வைத்தது: ஷூட்டிங், பந்தை இழப்பது, ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவர் கொடுத்த எடை ஷூட்டிங்குக்கு 40, டர்ன்ஓவருக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15 சதவீதம். பெஞ்சில் இருக்கிற பிள்ளை ஒருத்தி பேனாவோடு இருந்தால் போதும். பிள்ளைகள் அளவில் டர்ன்ஓவருக்கு 25ஐவிட அதிகம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, பந்தை எடுத்துக்கொண்டு பாதிக் கோர்ட் தாண்டுவதே சில நாள் சாதனை.

ஆப் பற்றி நாலு வரி. பாஸுக்கு விட்டுவிட்டு வரும் கோடு, ஓட்டத்துக்கு நேர்கோடு, ட்ரிபிளுக்கு வளைந்து வளைந்து போகும் கோடு, ஸ்கிரீனுக்கு முனையில் குறுக்குக் கட்டை, எல்லாரும் பழகிய குறியீடுதான். வரைவது சுலபம். நெட் இல்லையென்றால் திறக்காது, கோர்ட் பக்கத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று ஆப் செய்தவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். டைம் அவுட்டில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் காந்தக் காய் வைத்த பலகை ஆயிரம் மடங்கு மேல், அதையே தொடர்கிறேன். வீடியோவில் சப்டைட்டில் இல்லை, டிஃபென்ஸ் கோச்சின் மைக்கில் கோர்ட் எதிரொலி அதிகம், ஹெட்ஃபோனில் கேட்டால் சமாளிக்கலாம்.

யாருக்கு இது? இப்போதுதான் விசிலைக் கையில் எடுத்திருக்கிறவர் என்றால் டிஃபென்ஸ் பகுதியை முதலில் முழுக்கப் பாருங்கள், கோர்ஸ் சொல்கிற வரிசையைத் தூக்கிப் போடுங்கள். அதன்பிறகு அஃபென்ஸுக்குப் போனால் ஒவ்வொரு ப்ளேயையும் பார்க்கும்போது "இதை அந்தக் கோச் எப்படி உடைப்பார்" என்று தானாகவே கேட்கத் தோன்றும், அப்போது அந்தப் படங்களிலிருந்தும் இரண்டு மூன்று பயன்படும். ஏற்கனவே நாலைந்து சீசன் பார்த்தவர் என்றால் ஷெல், க்ளோஸ்-அவுட், பிக் அண்ட் ரோல், 2-2-1, மேட்ச் ஷீட், இவ்வளவுதான் உங்களுக்குப் புதிதாக ஏதாவது தரும். புதுப்புது ப்ளே தேடுகிறவர்களுக்கு இலவசமாகவே கொட்டிக்கிடக்கிறது, இதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் ஆண்டுக்கு நான் புதுப்பிக்கப் போவதில்லை. டிரில் ஷீட்கள் எல்லாம் இறக்கிக்கொள்ளும் வடிவில் கிடைக்கின்றன, சந்தா முடிவதற்குள் டிஃபென்ஸ் பகுதியினுடையதை மொத்தமாக எடுத்து வைத்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் தேர்வு முதலிலேயே டிக் ஆகி வருகிறது, கணக்குப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள்.